வெட்டிக் கொடுத்த அட்டை

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்னவென்று அந்தச் சந்தில் கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். கத்தரி அக்கா என்றால் மட்டும், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மருந்துக் கடையைக் கை காட்டுவார்கள்.

கடை முதலாளியுடையது. அவர் ஊரின் இன்னொரு கோடியில் இருந்தார், மாதத்துக்கு ஒரு முறைதான் எட்டிப் பார்ப்பார். பதினாறு வருஷமாகக் கல்லாவில் நின்றது அவள்தான். வேலையோடு கடைக்கு மேலே ஓர் அறையும் கிடைத்தது. அதற்கு ஏறும் படி கடைக்கு உள்ளேயே இருந்ததால், ஷட்டரை இறக்கினால் கடையும் மூடிவிடும், வீடும் மூடிவிடும். ஒரே பூட்டில் இரண்டும் அடக்கம் என்று அவள் புருஷன் பெருமையாகச் சொல்வான்.

கல்லாவுக்குப் பக்கத்தில் ஆணியில் நூல் கட்டி ஒரு கத்தரிக்கோல் தொங்கும். அங்கே யாரும் முழு அட்டை மாத்திரை வாங்கியதில்லை. "ரெண்டு கொடுக்கா, போதும்." "ரெண்டா? நாலு போட்டாத்தான் கேட்கும்." "நாலு போட்டா நானே போயிடுவேன், ரெண்டு வெட்டு." அவளும் வெட்டுவாள். இடது கைக்காரி என்பதால் வெட்டு எப்போதும் சாய்வாகவே விழும். அட்டையில் பெயரும் தேதியும் அச்சடித்த பக்கத்தை விட்டுவிட்டு மறுபக்கத்திலிருந்து வெட்டுவது கடைக்காரர் வழக்கம். மீதியை அடுத்தவருக்கு விற்க வேண்டுமே. அதனால் பெயர் கடையில் தங்கிவிடும், நிறம் மட்டும் வீட்டுக்குப் போகும். தலைவலிக்கு வெள்ளை, சளிக்கும் வீக்கத்துக்கும் பச்சை, வயிற்றுப்போக்குக்கு மஞ்சள். சந்துக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

மஞ்சள் மாத்திரையை டாக்டர் சீட்டில் மூன்று நாளைக்கு எழுதுவார்கள். ஆறு மாத்திரை. அந்த ஆறையும் ஒருவர் வாங்கி முழுசாக விழுங்கி அவள் பார்த்ததில்லை. இரண்டு போட்டதும் வயிறு நின்றுவிடும், மீதி எதற்கு? சிலர் மூன்று வாங்கி, இரண்டைப் போட்டு, ஒன்றை அடுத்த முறைக்கு என்று அரிசி டப்பாவில் போட்டு வைப்பார்கள். சீட்டில் மூன்று நாள் என்று ஏன் எழுதியிருக்கிறது என்று அவளும் யோசித்ததில்லை. பதினாறு வருஷத்தில் கேட்காமலே போன கேள்வி அது.

காலரா வந்தபோது முதல் சில நாள் அவள் ராணி மாதிரி இருந்தாள். ஒரே நாளில் மூன்று வீட்டில் ஆள் விழுந்ததும் சந்தே கடை வாசலில் கூடிவிட்டது. "இன்னும் வராதவங்களுக்கும் ஆளுக்கு ஒண்ணு காவலுக்குக் கொடுக்கா" என்றார் இஸ்திரிக்காரர். அவர் சொன்னது அவளுக்கும் நியாயமாகவே பட்டது. வீட்டுக்குக் காவல் போடுவதில்லையா, வயிற்றுக்கும் போடலாமே. இருந்த இரண்டு பெட்டியை அன்று மாலைக்குள் வெட்டித் தீர்த்தாள். விரலில் கத்தரிக்கோல் வளையம் பதிந்து சிவந்துவிட்டது. கொடுத்த ஒவ்வொன்றும் ஓர் உயிர் என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் நகராட்சி ஆட்கள் வந்து சந்துக் குழாயை அடைத்தார்கள். சாக்கடைத் தண்ணீர் அதில் கலந்துவிட்டதாம். அது முட்டுச் சந்து, வெளியே போக ஒரே வாய். அந்த வாயில் ஆள் உயரத்துக்குத் தகரம் அடித்து, கதவு ஒன்று வைத்து, ஒரு காவலரையும் நிறுத்தினார்கள். இனி காலையில் வீட்டுக்கு ஒரு கேன் நல்ல தண்ணீர், வாசலுக்கே வரும். தகரத்தை ஒட்டியிருந்த டியூஷன் சென்டரில் பெஞ்சுகளை வெளியே தள்ளிவிட்டு எட்டுக் கட்டில் போட்டார்கள். நடுவில் ஓட்டை வெட்டி, அடியில் அளவு கோடு போட்ட வாளி வைத்த கட்டில்கள். கரும்பலகையில் யாரோ பாதியில் விட்ட கணக்கு அப்படியே இருந்தது. அதன் கீழேயே நர்ஸம்மா நோயாளிகளின் கணக்கை எழுதத் தொடங்கினார்.

லாரி ஓட்டப் போயிருந்த புருஷன் தகரத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டான். இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது அவனுடைய அக்கா.

இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகலாம் என்று வந்த நாத்தனார் அவர். கல்யாணம் ஆன நாளிலிருந்து கத்தரி அக்காவைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை விழுந்ததில்லை. இது சந்து முழுக்கத் தெரிந்த விஷயம். பால்கனியில் நின்றுகொண்டு எதிர்வீட்டுக்கு எடுத்துச் சொல்லுகிற ரகம் அவர். "டீன்னு ஒண்ணு கொடுத்தா பாருங்க, பாத்திரம் கழுவின தண்ணியில கொஞ்சம் பால் விழுந்துடுச்சு போல!" எதிர்வீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். கத்தரி அக்கா கீழே கடையில் நின்று கேட்டுக்கொண்டு, "அண்ணி, அந்த டம்ளரையும் தெருவுக்குக் காட்டிடுங்க, சாட்சிக்கு" என்பாள்.

ஆறாம் நாள் தையல்காரரின் மனைவி இறந்துபோனாள்.

அவள் விழுந்த முதல் நாளே மஞ்சள் மாத்திரை வாங்கிப் போனவர் தையல்காரர். "தண்ணி நிறையக் கொடுங்க" என்று கத்தரி அக்கா சொன்னாள்தான். ஆனால் போகிற போக்கில், வெட்டிக்கொண்டே சொன்னாள். மாத்திரை போட்டிருக்கிறதே, எப்படியும் நின்றுவிடும் என்று அவர் காத்திருந்தார். கட்டிலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது சலைன் ஏற்றக் கை நரம்பு ஒன்றுகூட அகப்படவில்லை என்று நர்ஸம்மா சொன்னார். அதற்குப் பிறகு தையல்காரர் கடை வாசல் வழியாகப் போகும்போது எதிர்ச் சுவரைப் பார்த்தபடி போனார். ஆயுசு அவ்வளவுதான், நாம் என்ன செய்ய முடியும் என்று கத்தரி அக்கா மனசைத் தேற்றிக்கொண்டாள். தேறினதா இல்லையா என்று உட்கார்ந்து பார்க்க நேரமில்லை.

எட்டாம் நாள் காலையில் நாத்தனார் ஐந்து முறை கழிவறைக்குப் போனார். ஆறாவது முறை போக முடியவில்லை.

"என்னமோ பண்ணுது, மகராசி" என்றார். மற்ற நாளில் அந்த வார்த்தையில் முள் இருக்கும். அன்று இல்லை.

கத்தரி அக்கா பதறவில்லை. முதல் நாள் இரண்டு பெட்டியை வெட்டும்போதே, இப்படியொரு சமயத்துக்கென்று ஆறு அட்டை மஞ்சளை மேலே தனியாக எடுத்து வைத்திருந்தாள். இரண்டைப் பிரித்து நாத்தனார் வாயில் போட்டாள். "மதியத்துக்குள்ள நின்னுடும் அண்ணி. படுங்க" என்று சொல்லி, பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீரை வைத்துவிட்டு ஷட்டரைத் திறக்க இறங்கினாள். கூட்டம் காத்திருந்தது. நான்கு மணி நேரம் அவள் மேலே ஏறவே இல்லை.

நடு மதியம் நர்ஸம்மா முகக்கவசத்தோடு கடை வாசலில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்த மஞ்சளை இனி கொடுக்காதீங்க."

"ஏன், டாக்டரே எழுதுறாரே?"

"இனி எழுத மாட்டார். லேப்லேருந்து வந்துடுச்சு. ஒரு தட்டுல கிருமியைப் பரப்பி, நடுவுல மருந்து ஊறின சின்ன வட்டக் காகிதம் வைப்பாங்க. மருந்துக்குக் கிருமி அடங்கினா, காகிதத்தைச் சுத்தி மொட்டையா இடம் விழும். நம்ம சந்துலேருந்து போனதுல இடமே விழலை. காகிதத்தை ஒட்டி வளர்ந்து நிக்குதாம்."

காவல்காரன் தலைமாட்டிலேயே திருடன் பாய் விரித்துப் படுத்த மாதிரி என்று நினைத்தாள் அவள். கையில் வெட்டிக்கொண்டிருந்த அட்டை பாதியில் நின்றது.

"எப்படி? போன வருஷம் கேட்டுச்சே. ரெண்டு போட்டாலே நின்னுச்சே."

"ரெண்டு போட்டா சொத்தைக் கிருமிதான் சாகும். கொஞ்சம் தாங்குறது உயிரோட நிக்கும், அதுதான் குட்டி போடும். வராதவனுக்கும் ஒண்ணு ஒண்ணு கொடுத்தா, அதுங்களுக்குப் பழக்கம் காட்டின மாதிரிதான். தாங்குற வித்தையை ஒண்ணுக்கொண்ணு கைமாத்திக்கவும் செய்யுமாம்." அவள் முகத்தைப் பார்த்ததும் நர்ஸம்மா நிறுத்தினார். "உங்க ஒரு கத்தரிக்கோலால வந்ததுன்னு சொல்லலை. இந்த ஊர்ல எத்தனை கடை இருக்கு, எத்தனை கத்தரி இருக்கு. எங்க ஆஸ்பத்திரியிலேயும் அள்ளித்தான் கொடுத்தோம். இப்போ தண்ணிதான் மருந்து. போன தண்ணிக்குத் தண்ணி. ஒரு லிட்டருக்கு ஒரு முழுப் பொட்டலம் உப்புச் சர்க்கரைப் பொடி, விடாமக் கொடுக்கணும். அது செஞ்சா நூத்துல தொண்ணூத்தொம்பது பேர் எழுந்துடுவாங்க. மாத்திரை இல்லைன்னாக்கூட."

நர்ஸம்மா சொல்லி முடிக்கும்போது அவள் படியில் பாதி ஏறியிருந்தாள்.

நாத்தனார் பால்கனிக் கதவோரம் பாயில் கிடந்தார். செம்பு வைத்த இடத்திலேயே நிறைய இருந்தது. கண் குழிக்குள் போயிருந்தது. கன்னம் ஒட்டி, விரல் நுனிகள் வெகுநேரம் தண்ணீரில் ஊறினவை மாதிரி சுருங்கியிருந்தன. கைத்தோலைக் கிள்ளிவிட்டால் கிள்ளினபடியே நின்றது. பின்னாலேயே ஏறி வந்த நர்ஸம்மா நாடியைப் பிடித்துப் பார்த்தார்.

"கட்டில் எட்டும் நிறைஞ்சிருக்கு. நாடி இருக்கு, விழுங்கவும் முடியுது, அதனால வாய் வழியாவே ஏத்திடலாம். இப்போதைக்கு மணிக்கு ஒரு லிட்டர். வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் பொறுத்து மறுபடி, ஸ்பூன்ல. அஞ்சு மணிக்கு நான் வந்து பார்க்குறேன். அதுக்குள்ள சொக்கிப்போய் விழுங்க முடியாமப் போனா உடனே கூப்பிடுங்க, யாரையாவது இறக்கி இவங்களைப் போடுறேன்." யாரை இறக்குவார் என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

நர்ஸம்மா போனதும் கடையைப் பாதி ஷட்டர் இறக்கிவிட்டு, பொட்டலங்களையும், அவற்றை வெட்ட நூலிலிருந்து அவிழ்த்த கத்தரிக்கோலையும் அள்ளிக்கொண்டு மேலே போனாள். ஆனால் அந்தப் பாதி ஷட்டருக்கு வெளியே இருந்தவர்கள் பேச்சில் பாதியைக் கேட்டிருந்தார்கள். மஞ்சளைக் கொடுக்காதே என்ற பாதியை.

"யாருக்காக ஒளிச்சு வைக்கிறே?" என்று கீழே இருந்து இஸ்திரிக்காரர் கத்தினார். அவர் அப்பா அன்று காலையிலிருந்து படுத்துக் கிடந்தார். "நாத்தனாருக்குன்னா மாத்திரை உண்டு, எங்களுக்குன்னா உப்புத் தண்ணியா?"

அவள் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அது கேட்கலைண்ணே! கிருமி பழகிடுச்சு! அப்பாவுக்குத் தண்ணி கொடுங்க, பொட்டலம் சும்மா தர்றேன்!"

"பதினாறு வருஷமாக் கேட்டது இன்னிக்கு மட்டும் கேட்கலையா? யார் காதுல பூ சுத்துறே?"

"நாமதான் அதைக் கேட்காமப் பண்ணிட்டோம்ணே."

அது யார் காதிலும் விழவில்லை. கீழே ஷட்டர் கடகடவென்று முழுசாக இறங்கியது. பிறகு பூட்டு விழுந்த சத்தம். அவளுடைய சொந்தப் பூட்டு, வெளியே வளையத்தில் சாவியோடு தொங்கினது.

"ஒளிச்சு வச்சதைக் கீழே போடு. திறந்து விடுறோம்" என்றார் இஸ்திரிக்காரர்.

புருஷன் பெருமைப்பட்ட அந்த ஒரே பூட்டுக்குள் இரண்டு பெண்களும் அடங்கிப்போனார்கள்.

முதல் ஒரு மணி நேரம் அவளுக்கு அது உறைக்கவே இல்லை. ஒரு டம்ளர், ஒரு ஸ்பூன், ஒரு வாய். நாத்தனார் துப்பினார். "உப்பு! கடல்லேருந்து மொண்டு வந்தியா? மாத்திரையைக் கொடுடி." அவள் துடைத்துவிட்டு மறுபடி ஊட்டினாள். வாந்தி வந்தது. பத்து நிமிஷம் சுவரில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்து மறுபடி ஊட்டினாள். இரண்டு லிட்டர் கலந்து மூன்றாவதுக்குக் கேனைச் சாய்த்தபோதுதான் தெரிந்தது, அடியில் ஒரு டம்ளர்கூட இல்லை. காலையில் இதையெல்லாம் யார் எதிர்பார்த்தார்கள், துணியும் தரையும் அலசியதில் போய்விட்டது. அடுத்த கேன் நாளைக் காலையில். மணி இரண்டரை.

நர்ஸம்மாவுக்குப் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கையுறை போட்ட கை போனை எடுக்காது என்று அவளுக்கே தெரியும். காவலருக்குக் கேட்கும்படி கத்திப் பார்த்தாள். தகரம் வெகு தூரம். புருஷனுக்குப் போன் செய்தாள். "சுவர் ஏறிக் குதிக்கட்டுமா?" என்றான் அவன். "குதிச்சா காலை உடைச்சுக்குவே. ஒன்பதாவது கட்டில் இல்லை" என்று வைத்துவிட்டாள்.

பிறகு துணிக்கொடிக் கயிற்றை அவிழ்த்து வாளியில் கட்டி, பால்கனியிலிருந்து இறக்கினாள். "ஒரு குடம் தண்ணி வையுங்க. கேன் தண்ணி. உங்களைக் கும்பிட்டுக் கேட்குறேன்."

வாளி தரையைத் தொட்டு நின்றது. சுற்றி பத்துப் பன்னிரண்டு பேர். யாரும் அசையவில்லை.

"நீ முதல்ல போடு" என்றது ஒரு குரல்.

ஆறு அட்டைகள் மேஜை மேல் இருந்தன. ஒன்று மட்டும் பிரித்தது. அவற்றைக் கீழே போட ஒரு நொடி ஆகாது. போட்டால் தண்ணீர் வரும், பூட்டும் திறக்கும். மாத்திரை அவர்களை ஒன்றும் செய்யப்போவதில்லை. ஒன்றும் செய்யாததுதான் விஷயம். இஸ்திரிக்காரர் ஒன்றைக் கொண்டுபோய் அப்பா வாயில் போட்டுவிட்டு, இனி நின்றுவிடும் என்று பக்கத்தில் ஒரு செம்பை வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். அவள் இன்று காலை வைத்தாளே, அதே மாதிரி. தையல்காரர் உட்கார்ந்திருந்தாரே, அதே மாதிரி. அவள் அட்டையைக் கையில் எடுத்தாள். திரும்பி நாத்தனாரைப் பார்த்தாள். உதடு வெடித்திருந்தது. மறுபடி பால்கனிக்கு வந்தாள். உள்ளே போனாள். நான்கடி அறையில் நாலைந்து முறை இப்படி நடந்தாள். பொறிக்குள் எலி இப்படித்தான் நடக்கும் என்று தோன்றியது.

"என்னடி அங்க சத்தம்?" என்றார் நாத்தனார். குரல் தகரத்தில் உரசினது மாதிரி இருந்தது. ஆனால் இரண்டு லிட்டர் உள்ளே போயிருந்ததே, குரல் என்று ஒன்று திரும்பியிருந்தது.

"உங்களுக்கு மாத்திரையை ஒளிச்சு வச்சுக் கொடுக்குறேனாம்."

"எனக்கா?"

"ம்."

நாத்தனார் பாயில் கையை ஊன்றினார். எழ முடியவில்லை. அப்படியே பால்கனிக் கம்பி வரைக்கும் உடம்பை இழுத்துக்கொண்டு போய், கம்பியின் இடுக்கில் முகத்தை வைத்தார். அந்தக் குழிந்த முகத்தைப் பார்த்ததும் கீழே பேச்சு அடங்கியது.

"யார்ரா அது சொன்னது? இவ எனக்கு மாத்திரை கொடுக்குறாளா? காலையில ரெண்டு போட்டா, ஒரு எழவும் கேட்கலை. அப்புறம் கெஞ்சிக் கேட்டேன்டா, கொடுக்கலை! உப்புத் தண்ணி, உப்புத் தண்ணின்னு வாயில ஊத்தி ஊத்தியே என்னைக் கொல்றா! துப்பினா மறுபடி ஊத்துறா! என் தம்பி வரட்டும், சொல்றேன் பாரு! இப்போ அந்தப் பாழாப்போன தண்ணியும் இல்லைங்குறா, அதையாவது கொடுங்களேன்டா!"

மூச்சு வாங்கியது. தலை கம்பியில் சாய்ந்தது.

கீழே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பெண்மணி தன் தம்பி மனைவிக்குச் சாதகமாக ஒரு வார்த்தை பொய் சொல்லமாட்டார் என்று சந்தே சத்தியம் செய்யும். "நேத்து வரைக்கும் எழுந்தே நடந்தாங்க, காலையில மாத்திரை போட்டுமா இப்படி?" என்று ஒருத்தி மெல்லக் கேட்டாள். "என் மச்சானும் ரெண்டு போட்டும் நிக்கலை" என்றார் இன்னொருவர், அதை இப்போதுதான் யோசித்தவர் மாதிரி.

கூட்டத்தின் பின்னாலிருந்து தையல்காரர் வந்தார். ஒரு கேனைத் தோளில் சுமந்திருந்தார். அவர் வீட்டில் இப்போது ஒரே ஆள், தண்ணீர் மிஞ்சியிருந்தது. வாளியில் ஊற்றினார். நிறைந்ததும் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து, ஒரு தாளில் மடித்து, வாளியின் கைப்பிடியில் செருகினார். பிறகு கயிற்றை ஆட்டிக் காட்டினார்.

அவள் இழுத்தாள். பாதித் தண்ணீர் சிந்திவிடுமோ என்று கயிற்றைச் சாண் சாணாக ஏற்றினாள். சிந்தவில்லை. முதலில் ஒரு லிட்டர் அளந்து, ஒரு முழுப் பொட்டலத்தைக் கொட்டிக் கலந்து, நாத்தனாரின் உதட்டில் வைத்தாள். அதற்கப்புறம்தான் தாளைப் பிரித்தாள். இரண்டு மஞ்சள் மாத்திரை. பெயரும் இல்லை, தேதியும் இல்லை. ஓரம் சாய்வாக வெட்டியிருந்தது. அவளுடைய கை.

கீழே நின்றபடியே தையல்காரர் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். "நாலு வெட்டிக் கொடுத்தீங்க. ரெண்டு போட்டா, கொஞ்சம் நின்ன மாதிரி இருந்துச்சு. ரெண்டை எடுத்து வச்சோம். இதையும் போட்டிருந்தா பிழைச்சிருப்பாளா?"

"இல்லைண்ணே" என்றாள் அவள். "இது போட்டும் பிரயோஜனம் இருந்திருக்காது. தண்ணியை நான் அழுத்திச் சொல்லியிருக்கணும். வெட்டிக்கிட்டே சொன்னேன்."

அவர் தலையை ஆட்டினார். ஏற்றுக்கொண்டாரா, வெறுமனே கேட்டுக்கொண்டாரா, தெரியவில்லை. போகும்போது எதிர்ச் சுவரைப் பார்க்கவில்லை. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

சற்று நேரத்தில் கீழே பூட்டு திறந்தது. இஸ்திரிக்காரர் ஷட்டரைத் தூக்கிவிட்டு, உள்ளே வராமல், "அப்பாவுக்கு அந்தப் பொட்டலம் நாலு... எப்படிக் கலக்கணும்?" என்றார். "முழுசா, ஒரு லிட்டருக்கு. பாதி போட்டு மீதியை எடுத்து வைக்காதீங்க" என்று அவள் மாடிப்படியிலிருந்தே கத்தினாள்.

ஐந்து மணிக்கு நர்ஸம்மா வந்தபோது நாடி நன்றாகப் பிடிபட்டது. நாத்தனாருக்குச் சிறுநீர் போனது. அதைக் கேட்டு ஒரு மனுஷி அழக்கூடும் என்று கத்தரி அக்கா அதுவரை நினைத்ததில்லை. ஆறு அட்டைகளையும் தையல்காரரின் இரண்டையும் நர்ஸம்மாவிடம் கொடுத்தாள். வேறொரு மருந்து வந்திருக்கிறதாம், அந்தத் தட்டில் அதைச் சுற்றி இடம் விழுகிறதாம். "ரொம்ப மோசமானவங்களுக்கு மட்டும், எங்க கையால மட்டும்" என்றார் நர்ஸம்மா. "இதையும் வெட்டி வித்தா, இதுவும் போயிடும்."

"இது எத்தனை வருஷம் கேட்கும்?"

நர்ஸம்மா கையுறையைக் கழற்றினார்.

தகரத்தை எடுக்க இன்னும் பதினொரு நாள் ஆகும் என்றார்கள். இஸ்திரிக்காரரின் அப்பா பிழைத்தார். அவர் பக்கத்து வீட்டில் ஒருவர் பிழைக்கவில்லை. மறுநாள் காலையில் கத்தரி அக்கா கடையைத் திறந்தாள். வேறு எங்கே போவாள்? முன்னால் அதே கல்லா, தலைக்கு மேலே அதே அறை, சந்தின் முனையில் அதே தகரம். முதல் ஆளாக எதிர்வீட்டுக்காரர் வந்தார்.

"பல்லு வீங்கியிருக்கு. அந்தப் பச்சை ரெண்டு வெட்டிக் கொடுக்கா, போதும்."

அவளுடைய இடது கை தானாக ஆணிக்குப் போனது. நூல் மட்டும் தொங்கியது. குனிந்து தரையில் தேடினாள். அப்படித் தேடுகிறோம் என்பதே அவளுக்குச் சற்றுப் பொறுத்துத்தான் புரிந்தது.

"தேடாதே மகராசி" என்று மேலே பாயிலிருந்து நாத்தனாரின் குரல் வந்தது. "அது என் தலையணைக்கு அடியில இருக்கு."